விழாத கூரையைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

(தரங்கம்பாடியில் கட்டிடத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில், ஓய்வு பெற்ற கட்டிட இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு.)



கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் டீக்கடை வாசலில் ஒரு மேஸ்திரி என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறாள். சர்க்கார் பரீட்சை எழுதப் போகிறாள். தேறினால் கட்டிட இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கிடைக்கலாம். "அய்யா, நீங்க முப்பது வருஷத்துக்கு மேல அந்த வேலை பாத்தவுங்க. சம்பளம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், அதைக் கேக்கலை. அந்த வேலையில மனசுக்குத் திருப்தி உண்டா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "மைக்கில் சொல்கிறேன், மேஸ்திரி" என்று நழுவி வந்துவிட்டேன். உண்மையில் எனக்கு யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. "பிளான் எப்போது பாஸ் ஆகும்?" என்று கேட்டிருக்கிறார்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். திருப்தியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

யோசித்துப் பாருங்கள். நாற்று நட்டவள் தை மாதம் கதிரைப் பார்க்கிறாள். அறுவடை மிராசுதார் களத்துக்குப் போனாலும், இது என் கை நட்ட பயிர் என்பது அவளுக்குத் தெரியும். மில் தொழிலாளி தறியிலிருந்து இறங்கும் துணியைத் தொட்டுப் பார்க்கிறான். கொத்தனார் பேரனைக் கூட்டிப்போய், "அந்த மண்டபம் நான் கட்டினதுடா" என்று காட்டுகிறார். கட்டிட இன்ஸ்பெக்டர் எதைக் காட்டுவான்? அவன் ஒரு செங்கல்லும் வைத்ததில்லை. அவன் ஒழுங்காக வேலை செய்தால் விளைவு என்ன? ஒன்றும் நடக்காது. கூரை நிற்கும், அவ்வளவுதான். நிற்கிற கூரையை அண்ணாந்து பார்த்து, "ஆகா, இது விழவில்லையே!" என்று யாராவது கும்பிட்டதுண்டா?

விழுந்தால் மட்டும் எல்லாரும் வருகிறார்கள். மந்திரி வருகிறார், காமிரா வருகிறது, விசாரணைக் கமிஷன் வருகிறது.

பொறையாறு

இங்கிருந்து பொறையாறு என்ன தூரம்? சைக்கிள் மிதித்தால் கால் மணி நேரம். 2017 அக்டோபர் 20 அங்கே நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் ஓய்வறையில், இரவு வண்டியை நிறுத்திவிட்டு, விடிந்ததும் மறுபடி வண்டி எடுக்க வேண்டிய தொழிலாளிகள் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் மேல்கூரை அவர்கள் மேல் இறங்கியது. எட்டுத் தொழிலாளிகள் மாண்டார்கள். அது எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கட்டிடம்.

முன்னெச்சரிக்கை இல்லாமலா இது நடந்தது? அதற்கு ஆறு வாரம் முன்னால், செப்டம்பர் 7-ம் தேதி, கோவைப் பக்கம் சோமனூர் பஸ் ஸ்டாண்டுக் கூரை பட்டப்பகலில் விழுந்து ஐந்து பேர் செத்தார்கள். சோமனூர் விசைத்தறித் தொழிலாளிகளின் ஊர். அங்கே பஸ்ஸுக்கு நின்றவர்கள் நம்மைப் போன்ற ஜனங்கள். அந்த ஆறு வாரத்தில் தமிழ்நாட்டில் உள்ள ஒவ்வொரு பணிமனைக்கும், ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டுக்கும் சுத்தியலோடும் ஏணியோடும் ஒரு ஆளை அனுப்பியிருக்க முடியாதா? அனுப்பியிருந்தால், பொறையாறு அறைக்குள் ஒரு ஓவர்சீயர் போய், கூரையைத் தட்டிப் பார்த்து, கதவில் பூட்டுப் போட்டிருந்தால், அந்த எட்டுப் பேர் அன்றிரவு வெளியே கொசுக்கடியில் படுத்துக்கொண்டு அந்த ஓவர்சீயரைத் திட்டியிருப்பார்கள். "ஒழுங்கா தூங்கிக்கிட்டிருந்த இடத்தைப் பூட்டிட்டான் பாரு" என்று சொல்லியிருப்பார்கள்.

அந்தத் திட்டைத்தான், மேஸ்திரி, நான் திருப்தி என்கிறேன். திட்டுவதற்கு அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் அல்லவா?

கூரை சொல்லாமல் விழுவதில்லை

இதைக் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டும். இங்கே இருக்கும் கொத்தனார்களுக்கு இது தெரிந்ததுதான். அந்தக் கூரைக்குக் கீழே படுக்கிறவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன்.

கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. சிமெண்டின் காரம் அந்தக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றுகிறது. ஆனால் நாம் இருப்பது எங்கே? கடற்கரையில். உப்புக் காற்று நாள் தவறாமல் வந்து சுவரிலும் கூரையிலும் படிகிறது. கான்கிரீட் சொத்தையாக இருந்தால், கம்பிக்கு மேலே மூடியிருக்கும் கனம் குறைவாக இருந்தால், உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிடும். கழுவாத கடல் மணலைக் கலவையில் போட்டிருந்தால் வெளியிலிருந்து உப்பு வரவே வேண்டாம், முதல் நாளே குடியேறிவிட்டது. கம்பி துருப்பிடிக்க ஆரம்பிக்கிறது. இரும்பு துருவாக மாறினால் இரண்டு மடங்குக்கும் மேல் பருத்துப்போகும். உள்ளுக்குள் இடம் ஏது? கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளுகிறது. முதலில் மயிரிழை போல ஒரு விரிசல், கம்பி போகிற வழியிலேயே நேர்கோடாக. பிறகு செம்பழுப்பாக ஒரு கறை. அப்புறம் ஒரு நாள் சோற்றுத் தட்டில் காரை விழுகிறது.

பாருங்கள், எத்தனை தடவை சொல்லிவிட்டது! ஒரு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் 'டிங்' என்று கெட்டியாகப் பேசும். உள்ளே பிளந்தது பானையைத் தட்டியது போலப் பொள்ளல் சத்தம் கொடுக்கும். ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கே ஓடும் விரிசல், திடீரென்று நிலையில் பிடித்துக்கொள்ளும் கதவு, இவையெல்லாம் அஸ்திவாரம் நகர்கிறது என்பதற்கு அடையாளம். நம் டெல்டா களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். வயலுக்கு அது நல்லது, வீட்டுக்கு வைரி. விரிசல் பழையதா, வளர்கிறதா என்று தெரிய வேண்டுமா? அதற்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டிப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் வளர்கிறது. இதற்கு இன்ஜினீயர் பட்டம் வேண்டியதில்லை.

இந்திய தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 456 என்று பெயர். 2000-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடலோரக் காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கு வேண்டும், கான்கிரீட் எம்-30 ரகத்துக்குக் குறையக் கூடாது. 45 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டரை விரல் அகலம். நம் விவசாயத் தொழிலாளர் குடியிருப்புகளில் உள்ள பழைய தொகுப்பு வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். காரை கொட்டிய இடத்தில் கம்பி எலும்பு போலத் தெரிகிறதே, அதற்கு மேலே எத்தனை விரல் இருந்தது? சில இடத்தில் ஒரு விரல்கூட இல்லை. கம்பி சென்டரிங் தகட்டின் மேலேயே படுத்திருந்தது. அன்று அதைப் பார்த்து "எடு, தூக்கி வை" என்று சொல்ல ஆள் இல்லை. அல்லது ஆள் இருந்தும் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை.

கிழக்கே திரும்பினால் டேனிஷ் கோட்டை. 1620-ல், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரன் எழுப்பியது. 1845-ல் ஊரையே இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். கட்டியவன் டேனிஷ்காரன் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. சுண்ணாம்பு அரைத்தது யார், செங்கல் சுமந்தது யார் என்று எழுதவில்லை, போகட்டும். நானூறு வருஷம் அது எப்படி நிற்கிறது? நடுநடுவே பழுதும் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் முக்கிய காரணம், அது செங்கல்லும் சுண்ணாம்பும், உள்ளே துருப்பிடிக்கக் கம்பி கிடையாது. அதற்காக எல்லாரும் சுண்ணாம்புக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது, 1306-ல் கட்டியது. அடியில் கடல் அரித்தது, அதன் ஒரு பகுதி அலையோடு போய்விட்டது. எந்தக் கட்டிடத்துக்கும் சாகாவரம் இல்லை. எதற்கு எங்கே வியாதி வரும் என்று தெரிந்து அவ்வப்போது போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அதுதான் இந்த உத்தியோகம்.

"என் கூலியும் நின்னு போச்சே!"

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஊர் பெயர் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தளம் போடும் நாள். கலவை மிஷின் வந்துவிட்டது. நாற்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஏறிப் பார்த்தேன். கம்பி முழுவதும் தகட்டின் மேல் கிடக்கிறது, ஒரு கவர் பிளாக்கூட இல்லை. "நிறுத்துங்கள்" என்றேன். ஒப்பந்தக்காரர் முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று என்று மிரட்டினார். நான் அசையவில்லை. இளரத்தம் அல்லவா? மார்பை நிமிர்த்திக்கொண்டு ஏணியில் இறங்கினேன். பெரிய சாதனை செய்துவிட்ட மிதப்பு.

கீழே ஒரு சித்தாள் அம்மாள் நின்றாள். தலையில் சும்மாடு, கையில் சட்டி. "அய்யா, நீங்க நிறுத்துனது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. என் கூலியும் நின்னு போச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றாள்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. நாற்பது பேருக்கும் அன்று காலை நாலு மணிக்கே சோறு கட்டிக்கொண்டு வந்த நாள். எனக்கு மாதச் சம்பளம். நான் "நிறுத்து" என்று சொன்னால் எனக்கு ஒரு பைசா குறையாது. ஒப்பந்தக்காரருக்கு ஒரு நாள் தாமதம். அவளுக்கோ அன்றைய அடுப்பே எரியாது.

கம்பி கட்டும் தோழர் ஒருவர்தான் வழி சொன்னார். பக்கத்துத் தெருவில் இன்னொரு வேலை நடந்தது, அங்கே வார்த்து ஆற வைத்த கவர் பிளாக் கிடந்தது. சைக்கிளில் இரண்டு சாக்கு வந்து சேர்ந்தது. பெண்களும் ஆண்களுமாகக் கம்பியைத் தூக்கித் தூக்கி அடியில் வைத்தார்கள். பதினோரு மணிக்குக் கலவை ஓடியது, முடிய இருட்டிவிட்டது. நான் கடைசிவரை அங்கேயே நின்றேன். கூலிப் பட்டுவாடா முடியும் மட்டும் நின்றேன். என் முன்னால் பிடித்தம் செய்ய ஒப்பந்தக்காரருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், முழுக் கூலி கொடுத்தார்.

அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் நிற்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து ஸீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று தோன்றும். என்ன சொல்வது? "அந்தக் கூரைக்குள்ளே கம்பி சரியான இடத்தில் இருக்கிறது" என்றா சொல்வது? பைத்தியம் என்று நினைப்பார்.

அன்றைக்குக் கற்றது ஒன்று. வேலையை நிறுத்தினால் அந்த நாள் கூலி யார் தலையில் என்று சேர்த்து எழுதாத உத்தரவு அரை உத்தரவு. தவறு ஒப்பந்தக்காரருடையது என்றால் கூலியும் அவர் பொறுப்பு. அப்படி இருந்தால்தான் தொழிலாளி இன்ஸ்பெக்டருக்குத் துணை நிற்பான். இல்லாவிட்டால் அபாயத்தை மறைக்க அவனும் உடந்தையாவான், அவன் வயிறு அவனை உடந்தையாக்கும்.

எழுதிப் போட்ட காகிதம்

இன்னொரு கதை இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மேஸ்திரி மகள் பரீட்சை எழுதுவதற்கு முன்னால் இதையும் கேட்க வேண்டும்.

வேறொரு ஊர். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மதில் சுவர். தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தேன். எட்டடி உயரத்துக்கு மூன்று அங்குலம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அபாயம் என்று அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். பைல் போனது, தூங்கியது. "தேர்தல் நேரம், இப்போது எதையும் இடிக்க வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். நான் மறுபடி எழுதவில்லை. ஒரு தடவை எழுதியாயிற்று, என் கழுத்துக்குக் கயிறு வராது என்று இருந்துவிட்டேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் நள்ளிரவு அந்தச் சுவர் படுத்துவிட்டது. காலையில் கீரை விற்கும் கிழவிகள் வரிசையாக உட்காரும் இடத்தில். இராத்திரி என்பதால் ஒருவருக்கும் அடி இல்லை.

செய்தி வந்தபோது முதலில் என் மனதில் தோன்றியது என்ன தெரியுமா? 'கிழவிகள் தப்பித்தார்கள்' என்பதல்ல. 'நான் தப்பித்தேன்' என்பதுதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வேலையில் திருப்தி எங்கே செத்துப்போகிறது என்று கேட்டால், அந்த இடத்தைக் காட்டுவேன். கட்டிடத்தைப் பார்க்க வேண்டிய கண் காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்த இடம் அது.

எல்லா ஊரிலும் சுவர் அப்படி ஆளில்லாத இடத்தில் விழுவதில்லை. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில், கொட்டும் மழையில் ஒரு பெரிய வீட்டின் உயரமான மதில் பக்கத்து ஏழை வீடுகள் மேல் சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் போனார்கள். அத்தனை பேரும் தலித் மக்கள். கும்பகோணத்தைச் சொல்லவே வேண்டாம். 2004 ஜூலை 16, கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள். 1965-லேயே பொதுக் கட்டிடங்களுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தது, கட்டிடமும் இருந்தது, இரண்டும் சந்திக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, 2014 ஜூலை 30-ல், தஞ்சாவூர்க் கோர்ட்டு பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. அந்தப் பத்தில் ஒருவர் இன்ஜினீயர். அவருடைய பேனாவும் என்னுடையதைப் போன்ற பேனாதானே என்று அன்று பத்திரிகையை மடித்து வைத்தேன்.

டாக்காவில் ஒரு இன்ஜினீயர்

'இல்லை' என்று சொன்னால் போதுமா? போதாது. வங்காள தேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்று எட்டு மாடிக் கட்டிடம். உள்ளே ஐந்து தையல் ஆலைகள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சட்டை தைத்து அனுப்பும் தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள். 2013 ஏப்ரல் 23-ல் தூண்களில் விரிசல் கண்டது. ஒரு இன்ஜினீயர் வந்து பார்த்தார். இது ஆபத்து, எல்லாரும் வெளியேறுங்கள் என்றார். இன்ஸ்பெக்டர் செய்ய வேண்டியதை அவர் செய்துவிட்டார். கீழ்த் தளத்தில் இருந்த பாங்கி மறுநாள் தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆலை முதலாளிகளோ தொழிலாளிகளை உள்ளே போகச் சொன்னார்கள், போகாவிட்டால் சம்பளம் இல்லை என்றார்கள். மறுநாள் காலை மின்சாரம் நின்றது, மாடியில் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, கட்டிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 1,134 பேர் மாண்டார்கள்.

பாங்கி ஊழியனுக்குக் காது கேட்டது, தையல்காரிக்குக் கேட்கவில்லையா? அவளுக்கும் கேட்டது. கேட்டதை நிறைவேற்றும் சக்திதான் அவளிடம் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. 2013 மே மாதம் உலகத் தொழிற்சங்கங்களும் துணி வாங்கும் கம்பெனிகளும் கட்டுப்பாடான ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டன. ஆலைமுதலாளிக்குக் கட்டுப்படாத இன்ஜினீயர்கள் ஆயிரக்கணக்கான தூண்களைப் பரிசோதித்தார்கள். அறிக்கைகளைப் பூட்டி வைக்கவில்லை, யாரும் படிக்கலாம் என்று வெளியிட்டார்கள். அபாயமான கட்டிடத்துக்குள் போக மாட்டேன் என்று சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பரிசோதகர்களில் ஒருவனாக இருந்திருக்கலாமே என்று நான் பொறாமைப்பட்டதுண்டு. எழுதியதை எல்லாரும் படிப்பார்கள் என்று தெரிந்து எழுதுவது தனி ருசி.

ருசி என்றதும் ஒரு பழைய மனிதர் நினைவுக்கு வருகிறார். 1833-ல் இங்கிலாந்தில் ஆலைச் சட்டம் வந்தபோது நாலே நாலு இன்ஸ்பெக்டர்களை நியமித்தார்கள். அந்தக் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, 1859 வரை பார்த்தவர் லியோனார்டு ஹார்னர். மில் முதலாளிகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவர் வழக்குப் போட்டால், நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு மில் முதலாளியாக இருக்கும், விடுதலை செய்துவிடும். மனிதர் விடவில்லை. மறுபடி எழுதினார், மறுபடி வழக்குப் போட்டார். மார்க்ஸ் 'மூலதனம்' எழுதும்போது அந்த இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளைப் பக்கம் பக்கமாக எடுத்தாண்டார், ஹார்னரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நான் ஒரு தடவை எழுதிவிட்டு நிறுத்தினேனே, அந்த மதில் சுவர், அதை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆலைக் கட்டிடம் உடனடி அபாயத்தில் இருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் தடை போடும் அதிகாரத்தை இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் இப்போது இன்ஸ்பெக்டர் மட்டுமல்ல, முதலாளிக்கு 'வசதி செய்து கொடுப்பவர்' என்ற பட்டமும் அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது. எந்த ஆலைக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கும். தூணில் விரிசல் விட்டால் அது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? தறியில் நிற்கிறவனுக்கல்லவா தெரியும்! மில் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேஸ்திரிக்குப் பதில்

உங்கள் மகள் இந்த உத்தியோகத்துக்குப் போகலாமா என்று கேட்டால், போகட்டும் என்றுதான் சொல்வேன். சுத்தியலையும் தூக்குக் குண்டையும் கையிலிருந்து இறக்காத ஒரு பெண் அந்த நாற்காலிக்கு வரட்டும். அவள் சித்தாள்களின் நடுவே வளர்ந்தவள், எனக்கு இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது அவளுக்கு முதல் நாளே தெரியும். ஆனால் ஒன்று. அவள் "நிறுத்து" என்று சொல்கிற அன்று அவளை இடம் மாற்ற ஆறு பேர் கிளம்புவார்கள். அவளுக்காக எத்தனை பேர் கிளம்புவீர்கள்? எனக்கு மூன்று தடவை மாற்றல் வந்தது. இரண்டு தடவை பெட்டியைக் கட்டினேன். மூன்றாவது தடவை அந்த ஊர்க் கட்டிடத் தொழிலாளிகள் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், உத்தரவு ரத்தாயிற்று. முப்பது வருஷத்தில் நான் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்ட நாள் எது என்றால், அந்த நாள்தான்.

இனி நடக்க வேண்டிய காரியம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நெல் கொள்முதல் நிலையம், ரேஷன் கடை, தொகுப்பு வீடு எதுவானாலும் சரி, கடைசியாக யார் பரிசோதித்தார்கள், உறுதிச் சான்று எங்கே என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிப் பத்து ரூபாய் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் நகல் கொடுத்தாக வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீடு கட்டுகிறவர்கள், தளம் போடும் அன்று ஓவர்சீயர் வந்து கம்பியைப் பார்க்கும் வரை மிஷினை ஓட விடாதீர்கள். 'எம்-புக்'கில் அளவு ஏறினால்தான் பணம் என்று அவசரப்படுத்துவார்கள். அவசரம் அவர்களுக்கு, படுக்கப் போவது நீங்கள். தளம் போட்ட பிறகு குறைந்தது ஏழு நாள், நம் வெயிலுக்குப் பத்து நாள், தண்ணீர் கட்டி வையுங்கள். தண்ணீர் சுமக்கிற பெண்ணுக்கு அந்தப் பத்து நாள் கூலியும் கணக்கில் ஏற வேண்டும்.

நான் நாளைக் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், பக்கத்துக் கிராமத்தில் தொகுப்பு வீடுகளைப் பார்க்கப் போகிறேன். உத்தியோகம் முடிந்துவிட்டது, கையெழுத்துப் போட அதிகாரம் கிடையாது, தட்டிப் பார்க்கக் காது இருக்கிறது. மேஸ்திரி, மகளையும் அனுப்பி வையுங்கள். சுத்தியல் நான் கொண்டுவருகிறேன். கண்ணாடித் துண்டு கொஞ்சம், கைப்பிடி சிமெண்டு, பிறகு யாராவது ஒரு பன்னிரண்டடி ஏணி கொடுத்தால் போதும்.